அத்தியாயம் 6: டிக் விழாத ஏழாவது வரி

தொலைந்து போனவளின் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கம்ப்யூட்டரைத் திறப்பது ரேடியோவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாற்காலி அவள் உயரத்துக்குத் திருகி வைக்கப்பட்டிருந்தது. மேஜை விளிம்பில் அவள் குடித்து வைத்த டம்ளரின் வட்டம் அப்படியே காய்ந்திருந்தது. அதைத் துடைக்க அவளுடைய அக்காக்காரிக்கு மனம் வரவில்லை போலும்.

ரேடியோ என்பது அண்ணன் வைத்த பெயர். வாய் ஓயாது என்பதால் வைத்தது. சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துகிறாள். அண்ணன் மனைவி துப்பறியும் தொழில் பார்ப்பதால் வாரத்தில் பாதி நாள் கடைக்குப் பூட்டு. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாமல் ஒரே வண்டியில் போய் வருவதுதான் இந்த வீட்டின் பெரிய மர்மம், அதை முதலில் துப்பறியுங்கள் என்று அண்ணன் வாய்க்கு வாய் சொல்வான்.

ஆனால் இந்த வழக்கில் ரேடியோவுக்குக் கிண்டல் சரியாக வரவில்லை. காரணம் அவள் போனிலேயே இருந்தது.

நேற்று முன்தினம் காலை 7.52. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போட்டோ. கம்ப்யூட்டர் திரையில் ஒற்றை வரி: 'தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை.' கீழே ஒரு கெஞ்சல்: 'மேடம், புதுசா வெப்சைட் போடப் பார்க்கிறேன். நாலு நாளா இதே எரர். ரொம்ப அவசரம்.' ரேடியோ பல் துலக்கிக்கொண்டே பதில் போட்டாள்: 'சாயந்திரம் கடைக்கு வாங்க. டேட்டாபேஸ் எங்கயும் ஓடிப் போயிடாது.'

டேட்டாபேஸ் ஓடிப் போகவில்லை. போட்டோ அனுப்பியவள்தான் காணாமல் போனாள்.

அவள் ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. அன்று எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஒன்பதே காலுக்கு மேல் போன் எடுக்கவில்லை. அக்காக்காரி போலீசுக்கு ஓடினாள். அவர்கள் சிரத்தையாகத் தேடித்தான் பார்த்தார்கள், ஆளை அல்ல, அவளுடைய வெப்சைட்டை. அதில் ஒரே ஒரு பதிவு இருந்தது.

'நானாகவே விலகிப் போகிறேன். எழுத நினைத்ததை இனி எழுதப் போவதில்லை. யாரும் தேட வேண்டாம்.'

பதிவு வெளியான நேரம்: அன்று காலை 7.40. வயது வந்த பெண், சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், எங்களுக்கு வேலையில்லை என்று போலீஸ் கையைக் கழுவிவிட்டது. அதன் பிறகுதான் தங்கை கடைசியாக யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்று தேடிக்கொண்டு அக்காக்காரி இன்று மதியம் ரேடியோவின் கடைப் படியேறினாள்.

"அவளுக்குச் சர்க்கரை வியாதி மேடம்," என்றாள் அந்த அக்கா, இப்போது பதினோராவது முறையாக. முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி அது கயிறாகவே ஆகிவிட்டிருந்தது. "அவ கொண்டு போன இன்சுலின் ஊசிப் பேனாவுல மூணு வேளைக்குத்தான் மருந்து மிச்சம். புதுசு ஃபிரிட்ஜ்லயே கிடக்கு. ஓடிப் போறவ அதை விட்டுட்டா போவா?"

மூன்று வேளை மருந்து நேற்றே தீர்ந்திருக்கும். இப்போது மணி நான்கு. கணக்குப் போடவே ரேடியோவுக்குப் பயமாக இருந்தது.

"அழுதா ஒண்ணும் ஆகாது. முதல்ல டீ குடி," என்று சொல்லிக்கொண்டு தட்டோடு வந்தார் அக்காவின் கணவர். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மெக்கானிக். அமைதியான ஆள், தணிந்த குரல். மச்சினிக்கு இந்த வேலை கிடைக்க அலைந்ததே அவர்தானாம். "நானும் ரெண்டு நாளா விசாரிக்காத இடமில்ல மேடம். அவளே எழுதி வெச்சுட்டுப் போனப்புறம் நாம என்ன பண்ண முடியும்?"

அண்ணி டீயை வாங்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினாறு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்த பழக்கம், எந்த வீட்டுக்குப் போனாலும் மனிதர்களை விட்டுவிட்டு அலமாரிகளைத்தான் முதலில் பார்ப்பாள். சமையலறை ஜன்னலோரம் ஒரு தேய்ந்த குழாய் வாஷர் இருந்தது. அதன் கழுத்தில் நூல் கட்டி ஒரு காகிதச் சீட்டு தொங்கியது: 'பழையது 6.30'. பக்கத்தில் கருகிப்போன ஸ்விட்ச்: 'பழையது 4.15'.

"இது என்ன வேண்டுதல்?" என்றாள் அண்ணி.

மெக்கானிக் கூச்சத்தோடு சிரித்தார். "தொழில் பழக்கம் மேடம். கழட்டினதைத் தூக்கிப் போடக் கூடாது. எத்தனை மணிக்குக் கழட்டினோம்னு சீட்டு கட்டி வெக்கணும். புதுசு மக்கர் பண்ணினா பழையதைத்தானே திரும்ப மாட்டணும்?"

"அக்கா, நீங்க ஜாக்கிரதை," என்றாள் ரேடியோ. "என்னிக்காவது உங்க கையில சீட்டு கட்டிடப் போறார்."

அவர் மட்டும் சிரித்தார். ரேடியோ திரைக்குத் திரும்பினாள்.

மேஜையில் தங்கையின் நோட்டுப்புத்தகம் இருந்தது. வெப்சைட் போடும் வேலை முழுவதையும் ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாக எழுதி, செய்து முடித்த ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தாள். இணையத்தில் இடம் வாங்கியது, டிக். தரவுத்தளம் உண்டாக்கியது, டிக், அதன் கடவுச்சொல்லும் அருகிலேயே. மென்பொருளை ஏற்றியது, டிக். ஆறாவது வரி வரை அழகாக வந்து, ஏழாவதில் சிவப்பு மை நின்றுபோயிருந்தது. 'நிறுவு பட்டனை அழுத்து.' அதற்கு டிக் இல்லை. ஓரத்தில் பென்சிலில், 'தப்பு வருது. ஏன்?'

"எங்க தப்பு பண்ணினா?" என்றாள் அண்ணி.

"எல்லாப் புதுசுங்களும் பண்ற இடத்துல. அந்த மென்பொருளோட ஒரு அமைப்பு ஃபைல் வரும் அண்ணி. அதுல 'கடவுச்சொல்லை இங்கே எழுதவும்'னு போட்டிருக்கும். அந்த இடத்தை அழிச்சுட்டு நம்ம கடவுச்சொல்லை எழுதணும். நிறைய பேர் அப்படியே விட்டுடுவாங்க. விண்ணப்பத்துல பெயர் இருக்க வேண்டிய இடத்துல 'பெயர்'னே எழுதிக் கொடுக்கிற மாதிரி."

"இதுலயும் அப்படியா இருக்கு?"

ரேடியோ நோட்டில் இருந்ததைப் பார்த்து, வெப்சைட் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அமைப்பு ஃபைலைத் திறந்தாள். புருவம் உயர்ந்தது. "இல்லை. சரியா இருக்கு. யாரோ திருத்தியிருக்காங்க."

"யாரோ இல்ல, அவதான்," என்றார் மெக்கானிக், வாசற்கதவில் சாய்ந்தபடி. "கடைசியில கண்டுபிடிச்சு சரி பண்ணியிருப்பா."

"எத்தனை மணிக்கு?" என்றாள் அண்ணி. "நான் கம்ப்யூட்டர் தெரியாதவ, மடத்தனமாத்தான் கேப்பேன். பதிவு 7.40க்கு வந்திருக்கு. ஆனா 7.52க்கு இவளுக்கு அனுப்பின போட்டோவுல வெப்சைட் வேலையே செய்யல. பூட்டியிருக்கிற வீட்டுக்குள்ள போய் எப்படிப் பாய் விரிச்சா?"

ரேடியோ தன் போனை எடுத்து அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தாள். நூறு தடவை பார்த்ததுதான். குற்ற உணர்ச்சியில் பார்த்தாளே தவிர நேரத்தைப் பார்க்கவில்லை.

"எழுதி முடிச்சப்புறம் கெட்டுப் போயிருக்கலாமே," என்றார் மெக்கானிக்.

"நாலு நாளா இதே எரர்னு எழுதியிருக்காளே, சார். ஒரு வேலை முடிஞ்சா டிக் போடாம இருக்க மாட்டா. ஏழாவது வரிக்கு டிக் இல்ல." ரேடியோவின் விரல்கள் பரபரத்தன. "அண்ணி, அந்தச் சுவர்க் கடிகாரத்துல மணி என்ன?"

"நாலு ஆறு."

பதிவுக்குக் கீழே, படிப்பவர்கள் கருத்து எழுத ஒரு பெட்டி இருந்தது. புதிதாக நிறுவினால் அது தானாகவே திறந்திருக்கும். ரேடியோ அதில் 'சோதனை' என்று எழுதி அனுப்பினாள். அவள் கருத்து திரையில் வந்தது. அதன் தலையில் நேரமும் வந்தது.

10.36.

சுவர்க் கடிகாரம் தன் பாட்டுக்கு நாலு ஆறைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சரை மணி நேரம் திருடு போயிருக்கு," என்றாள் ரேடியோ மெதுவாக. "இந்த மென்பொருளை நிறுவினதும் அதோட கடிகாரம் கிரீன்விச் நேரத்துல ஓடும். நம்ம ஊர் நேரத்தை நாமதான் போய் மாத்தணும். மாத்தல. அப்போ 7.40னு காட்டினா நிஜத்துல மதியம் 1.10. பட்டனை அழுத்தினது, பதிவு போட்டது, எல்லாம் அப்போதான்."

"எட்டு மணிக்கே அவ கிளம்பிட்டா," என்றாள் அக்கா. "கம்ப்யூட்டர் இங்கதான் இருந்துச்சு. நோட்டும் இங்கதான்..."

அண்ணி கேட்டது மிக இயல்பான கேள்வி. "அன்னிக்கு 7.40க்கு வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்க?"

"மூணு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். போலீஸும் அதையேதான் கேட்டாங்க."

"1.10க்கு?"

"நான் நூலகத்துக்கு வேலைக்குப் போயிட்டேன். இவர்..." அக்கா திரும்பிப் பார்த்தாள்.

வாசற்கதவில் யாரும் இல்லை. டீத்தட்டு தரையில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. தெருவில் ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு டியூட்டி இருக்குன்னு சொன்னார்," என்றாள் அக்கா, யாரும் கேட்காமலே. பிறகு, "அவர் ரொம்ப நல்லவர் மேடம்," என்றாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

"ரேடியோ, அந்த ஃபைல் இருக்கிற இடத்துல வேற ஏதாவது இருக்கா பாரு. சீக்கிரம்."

இருந்தது. திருத்திய அமைப்பு ஃபைலுக்குப் பக்கத்திலேயே, திருத்தாத மூல ஃபைல் பத்திரமாக நகல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் நகல் எடுப்பார்கள்தான். ஆனால் அதற்கு வைத்திருந்த பெயரைப் படித்ததும் ரேடியோவின் வாய் வாழ்க்கையில் முதல் முறையாக ஓய்ந்தது. அவள் திரையை அக்காவின் பக்கம் திருப்பினாள்.

பழையது 12.52.

அக்கா அதைப் படித்தாள். சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி திரையைப் படித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாஷரைக் கழட்டினாலும் ஃபைலைக் கழட்டினாலும் கை ஒரே கைதான்," என்றாள் அண்ணி. "நீங்க அப்புறம் அழலாம்மா. உங்க தங்கச்சி எதை எழுத நினைச்சா?"

ரேடியோ ஏற்கனவே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அதே கம்ப்யூட்டரில் 'போட வேண்டியது' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே மூன்று போட்டோக்கள். ஒரு பத்து மாடிக் கட்டடம், இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடப்பது, அடுத்த மாதம் மாணவிகள் விடுதியாகத் திறக்கப்போவதாக வாசலில் பலகை. அதன் லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறு, இழைகள் அறுந்து சிலிர்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது ஒரு சான்றிதழ்: 'கயிறு புதிதாக மாற்றப்பட்டது.' கீழே கையெழுத்து. யாருடையது என்று அக்காவிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகமே சொன்னது.

"குழாய் வாஷருக்கே சீட்டு கட்டற மனுஷன்," என்றாள் அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டே, "அந்தப் பழைய கயிறை எங்க வெச்சிருக்கார்? எங்கயும் இல்ல. ஏன்னா மாத்தவே இல்ல. உங்க தங்கச்சி அன்னிக்கு இந்தக் கட்டடத்துக்குத்தான் போயிருக்கணும், இவரும் இப்போ அங்கதான் போறார். கிளம்புங்க. மருந்தையும் எடுத்துக்குங்க."

*

வண்டியை ரேடியோ ஓட்டினாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தீயணைப்பு நிலையத்துக்கும் போலீசுக்கும் பேசினாள். தீயணைப்பில் உடனே வருகிறோம் என்றார்கள். போலீசில் அந்த வழக்கு முடிந்துவிட்டதே என்றார்கள். "திரும்பத் திறங்க," என்று சொல்லி அண்ணி போனை வைத்தாள். பின் இருக்கையில் அக்கா மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அது ஒரு குழந்தை போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கட்டடத்தின் வாசலில் அந்த பைக் நின்றிருந்தது. இன்ஜின் சூடு இன்னும் ஆறவில்லை.

காவலாளி முக்காலியிலிருந்து எழுந்தான். "மெக்கானிக் சார் இப்பதான் மேல போனார். லிஃப்ட் ரிப்பேர்ல இருக்கு, யாரையும் விடாதேன்னு ரெண்டு நாளா சொல்லியிருக்கார்."

"நல்லதாப் போச்சு, நாங்க படியிலதான் போறோம். மெயின் கரன்ட் எங்க இருக்கு?"

காவலாளி காட்டிய தகரப் பெட்டியைத் திறந்து, மெயின் ஸ்விட்சை இறக்கி, உள்ளே இருந்த மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் அண்ணி ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, அது அரசாங்கச் சொத்து மாதிரி தெரியுதே."

"சீட்டு கட்டி வெச்சுக்கிறேன். ஏறு."

ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரே மாதிரி நீண்ட நடை, கதவில்லாத அறைகள், சிமென்ட் தூசி. அந்தத் தூசியில் ஒரே ஆளின் செருப்புத் தடங்கள் மேலும் கீழுமாகப் போயிருந்தன. மூன்றாவது மாடியில் ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. நான்காவதில் கிண்டல் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தாள், பயத்தில் ஒன்றும் வரவில்லை. அக்கா மட்டும் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது மாடியில் அவள் சட்டென்று நின்றாள்.

லிஃப்ட் கதவின் கைப்பிடியில் நூல் கட்டி ஒரு காகிதச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கதவில்லாத ஜன்னலிலிருந்து வந்த காற்றில் அது மெல்லச் சுழன்றது. அக்கா அதை விரலால் நிறுத்திப் படித்தாள்.

'நிறுத்தம் 9.10.'

பன்னிரண்டு வருடமாக வீட்டுக் காலண்டரிலும் மருந்துச் சீட்டிலும் அவள் பார்த்துவந்த அதே கையெழுத்து.

அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. மொட்டை மாடியில், லிஃப்டின் மோட்டார் அறையிலிருந்து. கனமான ஒரு ஸ்விட்சை மேலே தள்ளும் சத்தம். டக். எதுவும் நடக்கவில்லை. சற்று விட்டு, மறுபடி. டக். இழை அறுந்த கயிற்றில் தொங்கும் லிஃப்டை ஓட விட்டால் என்ன ஆகும் என்று ரேடியோவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது முறை, பொறுமையிழந்து, வேகமாக. டக்.

அண்ணி கைப்பையைத் தட்டிக்கொடுத்தாள். உள்ளே ஃபியூஸ் கட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"தட்டுங்கம்மா," என்றாள் அக்காவிடம்.

அக்கா லிஃப்ட் கதவில் தட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு உள்ளங்கை சிவக்கச் சிவக்க. பதில் இல்லை. கீழே, தூரத்தில், தீயணைப்பு வண்டியின் சங்கொலி நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே மோட்டார் அறைக் கதவு திறந்தது. யாரோ படியில் இறங்கி வரும் சத்தம், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக.

கதவுக்குப் பின்னால் அரை மாடி ஆழத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நாக்கு உலர்ந்துபோன, தூக்கத்தில் பேசுவது போன்ற குரல்.

"அத்தான்?"

அக்கா கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"அத்தான், வந்துட்டீங்களா? ஆள் கூட்டிட்டு வரேன்னு போய் எவ்வளவு நேரம்... நான் கத்திக் கத்திப் பார்த்தேன். இங்க சிக்னலே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அது தொடர்ந்தது. "நோட்டு மேஜை மேலதான் இருந்துச்சு, பார்த்தீங்களா? நானே போட்டுடறேன், கவலைப்படாதேன்னு சொன்னீங்களே. வெப்சைட் வந்துடுச்சா அத்தான்?"

இரண்டு நாள் இருட்டில் உட்கார்ந்து, தன்னை அடைத்தவனுக்காகவே அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் இந்தக் கதவுக்கு வெளியே நின்று அவளுக்கு ஆறுதல் சொல்லி, விவரம் கேட்டுக்கொண்டு, நேராக வீட்டுக்குப் போய் அவளை உலகத்திலிருந்தே கழற்றி வைத்துவிட்டு, சாயங்காலம் மனைவிக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கீழே பூட்ஸ் கால்கள் படியேறத் தொடங்கின. "எந்த மாடி?" என்று யாரோ கத்தினார்கள். "ஆறு!" என்று ரேடியோ தன் பெயருக்கு ஏற்ற குரலில் கத்தினாள்.

மேலேயிருந்து இறங்கிய காலடி ஏழாவது மாடித் திருப்பத்துக்கு வந்துவிட்டது. சுவரில் ஒரு நிழல் நீண்டது.

அக்கா அந்த நிழலைப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து சீட்டை அறுக்கக் கை போனது. வேண்டாம், அது சாட்சி என்பது போல் அண்ணி தலையசைத்ததும் விட்டுவிட்டாள். பிறகு கதவுக்கு உள்ளே இருப்பவளுக்கும் படியில் இறங்கி வருபவனுக்கும் சேர்த்துக் கேட்கும்படி, நடுங்காத குரலில் சொன்னாள்:

"அத்தான் வரமாட்டார்டி. அக்கா வந்திருக்கேன்."

படியில் காலடிச் சத்தம் நின்றது.